அந்தோனியாருக்குப் பயப்படாத ஆள்

வலன்ரைன் உத்தமர் என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் உத்தமர் இல்லை. மெல்லிய நைலோன் இழையில் பின்னிய தங்கூசி வலையை அரசாங்கம் தடை செய்திருக்கிறது. கரையில் அவர் தொழில் சாமான் வைக்கிற வாடியில் சாக்குக் குவியலுக்கு அடியில் அது இருக்கிறது. கடலில் நேவி மறித்து எங்கே போய் வருகிறாய் என்று கேட்டால், போகாத இடத்தின் பெயரைச் சொல்வார். கள்ளுத் தவறணைக்குப் போய்விட்டு வந்து, சங்கக் கூட்டம் நீண்டுவிட்டது என்று மனைவி நிறஞ்சலாவிடம் சொல்வார். காட்ஸ் விளையாட்டில் தோற்றால் ஒரு கிழமைக்கு யாருடனும் கதைக்க மாட்டார்.

இப்படிப்பட்ட மனிதனிடம், நடந்த உண்மையைச் சொல்லி ஒரு சத்தியம் செய்யச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். அதனால் போட் கட்டிய துறையை இழந்தார். ஏன் மாட்டேன் என்றார் என்பது எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை. விளங்காததைத்தான் எழுதுகிறேன்.

ஓலைத்தொடுவாயில் நண்டு வலை போடுகிறவர். வயது அறுபதை நெருங்குகிறது. ஒரு பிளாஸ்ரிக் போட், நினைத்தபோது நின்றுபோகிற ஒரு பழைய மிசின். பெண் பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் நிறஞ்சலாவும்தான்.

எனக்கு அவரைத் தெரிந்தது எண்பதுகளில். மற்றவர்கள் சண்டைக்குத் துவக்கு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் சில பேர் பிரதி எடுக்கிற ஒரு றோனியோ மிசின் வாங்கி, கரையோரமெல்லாம் கடற்தொழிலாளர் சங்கம் கட்டிக்கொண்டிருந்தோம். துண்டுப்பிரசுரம் எழுதுவது என் வேலை. வலன்ரைன் அப்போது இளந்தாரி. பிரசுரங்களை மீன் பெட்டிக்குள் ஒளித்து ஊர் ஊராகக் கொண்டுபோவார். வாசிக்க எடுத்தால் நண்டு மணக்கிறது என்று எனக்கு முறைப்பாடு வரும்.

அவர் கோயிலுக்குப் போவதை விட்டதும் அந்தக் காலத்தில்தான். என் பிரசுரங்கள்தான் காரணம் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். நிறஞ்சலா இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறாள். ஒருநாள் அவரையே கேட்டேன்.

“பிரசுரமோ? அது நான் முழுக்க வாசிச்சதில்லை தோழர்,” என்றார். “ஒருநாள் படுக்கேக்க செபம் சொல்ல மறந்துபோனன். விடிய எழும்பித்தான் நினைவு வந்தது. ஒண்டும் நடக்கேல்லை. அடுத்த நாளும் சொல்லாமல் விட்டுப் பாத்தன். அண்டைக்கும் ஒண்டும் நடக்கேல்லை. அப்பிடியே விட்டாச்சு.”

அவ்வளவுதான். போர்க் காலத்தில் இடம்பெயர்ந்து, இந்தியாவில் அகதி முகாமில் கிடந்து, திரும்பி வந்தவர். பட்டது கொஞ்சமில்லை. ஆனால் அதையெல்லாம் கடவுளின் கணக்கில் எழுதி வைத்ததில்லை. கடவுளோடு அவருக்குக் கோபம் கிடையாது. தொடர்பு விட்டுப்போய்விட்டது, அவ்வளவே.

இனி நடந்த கதைக்கு வருகிறேன்.

துறைக்குப் பக்கத்தில் அந்தோனியார் குருசடி இருக்கிறது. ஒரு அறை அளவு கட்டடம். உள்ளே கண்ணாடிக் கூட்டுக்குள் சுரூபம். ஊரில் ஏதும் களவு போனால் பொலிசுக்குப் போவது கடைசி வழி. முதல் வழி குருசடி. பறிகொடுத்தவர் செவ்வாய்க்கிழமை வந்து மெழுகுதிரி கொளுத்தி, எடுத்தவன் கொண்டுவந்து வைக்கட்டும், இல்லாவிட்டால் அந்தோனியார் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு குருசடியின் பின்பக்கம் ஒருவரும் போகக்கூடாது. அந்தப் பக்கம் பார்க்கவும் கூடாது. சில நாளில் பொருள் பின்சுவரோடு கிடக்கும். யார் வைத்தது என்ற கேள்வி கிடையாது. இப்படித் தண்ணீர் மோட்டார் வந்திருக்கிறது, சைக்கிள் வந்திருக்கிறது. ஒருமுறை காணாமற்போன ஆடு குட்டியோடு வந்தது.

போன வருடம் நௌபரின் நண்டு வலைகள் களவு போயின. நௌபர் பக்கத்துக் கிராமத்து முஸ்லிம். புத்தளத்தில் வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பித் தொழிலைத் தொடங்கியவன். நண்டுக் காலத்தில் ஓலைத்தொடுவாய்த் துறையிலும் போட் கட்டுவான். போனது புது வலைகள். துறைச் சங்கத் தலைவர் அம்புறோசிடம் வந்து மெழுகுதிரி கொளுத்தித் தரச் சொல்லிக் கேட்டான்.

“நீயே கொளுத்தன்,” என்றார் அம்புறோஸ்.

“நான் கொளுத்தினது தெரிஞ்சா எங்கட மௌலவி ஏசுவார். நீங்க கொளுத்துங்க அண்ணே, நான் பக்கத்துல நிண்டு சொல்றன். அந்தோனியாருக்கு என்னைத் தெரியும். போன முறை மிசின்ட காத்தாடிய எடுத்துத் தந்தவர் தானே.”

அம்புறோஸ் கொளுத்தினார். வலை வரவில்லை. அடுத்த செவ்வாயும் கொளுத்தினார்கள். வரவில்லை.

அப்போது ஊர் யோசிக்கத் தொடங்கியது. யோசனை இப்படிப் போனது. அந்தோனியாருக்குப் பயந்தவன் எடுத்திருந்தால் இதற்குள் கொண்டுவந்து வைத்திருப்பான். வைக்கவில்லை. ஆகவே எடுத்தவன் அந்தோனியாருக்குப் பயப்படாதவன். இந்தத் துறையில் அந்தோனியாருக்குப் பயப்படாதவன் யார்? முஸ்லிம்களே பயப்படுகிறார்கள். மிஞ்சுவது ஒரே ஆள்.

நாங்கள் சங்கத்தில் நடத்திய அரசியல் வகுப்புகளில்கூட இவ்வளவு இறுக்கமாக யாரும் வாதம் கட்டியதில்லை. ஒரேயொரு ஓட்டைதான் அதில் இருந்தது. சில மாதங்களுக்கு முன் லண்டனில் இருக்கிற ஊரவர் ஒருவர் காணிக்கை உண்டியலைக் காவல் காக்க என்று குருசடிக்குக் கமெரா பூட்டிக் கொடுத்திருந்தார். ஒன்று முன்பக்கம். ஒன்று பின்பக்கம்.

இதைக் கவனித்தவர் வலன்ரைன் மட்டும். அவரும் தானாகக் கவனிக்கவில்லை. எடுத்தவன் வந்து சொல்லித்தான் தெரியும்.

ஒரு காலையில், எல்லோரும் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற நேரத்தில், வலன்ரைன் அந்த வலைகளைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு நௌபரின் வீட்டுக்குப் போனார்.

“எங்க கிடந்தது?” என்று நௌபர் கேட்டான்.

“கிடக்கேல்லை. ஒருத்தன் கொண்டுவந்து தந்தவன், உன்னட்டக் குடுக்கச் சொல்லி.”

“ஆரு?”

“சொல்லமாட்டனெண்டு அவனுக்குச் சொல்லிப்போட்டன்.”

“குருசடியில வைக்கிறதுக்கு என்ன அவனுக்கு?”

“பின்சுவரில கமெராவப் பூட்டிவைச்சுக்கொண்டு களவெடுத்ததைக் கொண்டுவா எண்டா எவன் வருவான் தம்பி?”

கதை அன்று மத்தியானத்துக்குள் துறை முழுக்கப் பரவிவிட்டது. அம்புறோஸ் தலையில் கை வைத்தார்.

“கமெராவோ? அது பூட்டின மாதமே செத்துப்போச்சு. உப்புக் காத்தில வயரெல்லாம் கறள். கழட்ட ஏணி இல்லையெண்டு விட்டுக் கிடக்கு.”

வலை கிடைத்துவிட்டது. நௌபர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. வழமை அத்தோடு முடிகிறதுதான். ஆனால் இம்முறை பொருள் பின்சுவரோடு கிடக்கவில்லை; ஒரு மனிதனின் சைக்கிளில் வந்தது. ஊர் அந்த மனிதனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பயப்படாதவன் எடுத்தான் என்று சொன்னோம், பயப்படாதவனே கொண்டுவந்தான் என்றார்கள்.

சங்கம் கூடி ஒரு முடிவெடுத்தது. வருகிற ஞாயிறு பூசை முடிய, துறையில் போட் கட்டுகிற கிறிஸ்தவர் எல்லோரும் அந்தோனியார் சுரூபத்தில் கை வைத்து ‘நான் எடுக்கவில்லை’ என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்யாதவர் துறையை விட வேண்டும். இதை அம்புறோஸ் பழிவாங்கச் செய்யவில்லை. “அவருக்கு ஒரு வழி விடத்தானே அண்ணை இப்பிடிச் செய்தனான்,” என்று பிறகு என்னிடம் சொன்னார். “கை வைச்சிட்டுப் போனா முடிஞ்சுது. ஆர் பிறகு கதைக்கிறது?”

வலன்ரைன் வரமாட்டேன் என்றுவிட்டார்.

நான் இப்போது நானாட்டானில் மகளோடு இருக்கிறேன். நிறஞ்சலா ஃபோன் எடுத்தாள்.

“அண்ணை, நீங்கள்தானே இவருக்கு இதெல்லாம் பழக்கினனீங்கள். நீங்களே வந்து கழட்டிவிடுங்கோ.”

“என்னத்தைக் கழட்டுறது?”

“நீங்கள் பூட்டினதை. எடுக்காத மனிசன் எடுக்கேல்லையெண்டு சொல்ல என்ன கஷ்டம்? துறை போச்செண்டா நாங்கள் எங்க கொண்டுபோய்ப் போட் கட்டுறது? இந்த வயசில ஆரின்ர போட்டில கூலிக்குப் போறது?”

அவள் சொன்னது நியாயம். கடவுள் இல்லை என்று கரையெல்லாம் வகுப்பெடுத்த நான், அந்தோனியாரின் காலில் கை வை என்று ஒருவரிடம் கேட்பதற்காக மன்னார் பஸ் ஏறினேன்.

வலன்ரைன் வாடியில் இருந்து வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு சிரித்தார்.

“தோழர் வாறார். ஆர் அனுப்பினது, அவளோ அம்புறோசோ?”

“ரெண்டு பேருமெண்டு வை.”

“இருங்கோ. அந்த எண்ணெய்க் கானில இருங்கோ, கதிரைக்கு ஒரு கால் இல்லை.”

நான் நேரே கேட்டேன். “எடுத்தனியோ?”

“இல்லை.”

“அதைத்தானே சொல்லச் சொல்லுறாங்கள்.”

“சொல்லிப்போட்டன். நௌபரிட்டச் சொன்னனான். அம்புறோசிட்டச் சொன்னனான். இப்ப உங்களிட்டயும் சொல்லுறன்.”

“சுரூபத்தில கை வைச்சுச் சொல்லு.”

“எனக்கு அது சீமெந்து, தோழர்.”

“சீமெந்து தானே. அதில கை வைக்க உனக்கென்ன? நான் எத்தினை செத்தவீட்டில முழந்தாளில நிண்டிருக்கிறன்.”

“அது செத்த ஆளுக்காக. இது வேற.”

“என்ன வேற?”

கையிலிருந்த பாசியை உருட்டி எறிந்துவிட்டு யோசித்தார். “நான் கை வைச்சா அவங்கள் என்னை நம்பமாட்டாங்கள். அந்தோனியாரை நம்புவாங்கள். எனக்கு அந்தோனியார் இல்லையெண்டும் அவங்களுக்குத் தெரியும். அப்ப ரெண்டு பக்கமும் தெரிஞ்சுகொண்டு ஒரு நாடகம் போடுறம்.”

“நேவிக்கு நாடகம் போடுறனி தானே?”

“ஓம்.”

“தவறணைக்குப் போயிட்டு வந்து நிறஞ்சலாவுக்கு?”

“அவளுக்கு அது பொய்யெண்டு தெரியும். மணக்கும் எல்லோ.”

“சரி. பொய் சொல்லக்கூடாதெண்டு உனக்கு வேதமும் இல்லை, சட்டமும் இல்லை. தேவைப்பட்டாப் பொய் சொல்லுறாய். இது பொய்கூட இல்லை. உண்மையைச் சொல்லிச் சத்தியம் பண்ணு எண்டு கேக்கினம். இது மட்டும் ஏன் ஏலாது?”

“அதைத்தான் நானும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். ஏலாமல் கிடக்கு. ஏனெண்டு தெரியேல்லை. வீம்பாக்கும்.”

“வீம்புக்காகத் துறையை விடுவியோ?”

“வீம்பெண்டா விட்டிடலாம், தோழர். பாத்தன், விடேலாமல் கிடக்கு. அப்ப வீம்பும் இல்லைப் போல.”

நான் வேறு பக்கத்தால் போனேன். சங்கத்தில் எத்தனையோ பிடிவாதக்காரரைக் கரைத்திருக்கிறேன்.

“எடுத்தவன்ர பேரைச் சொல்லு. அதோட எல்லாம் தீர்ந்துது.”

“சொல்லமாட்டனெண்டு சொன்னனான்.”

“அவன் என்ன உன்னட்டப் பாவசங்கீர்த்தனமோ செய்தவன்? சுவாமிமாருக்குத்தான் வெளியில விடக்கூடாதெண்டு கட்டளை. உனக்கு ஆர் கட்டளை போட்டது?”

“ஒருத்தரும் போடேல்லை.”

“சொன்னா ஆர் உன்னைத் தண்டிக்கிறது?”

“ஒருத்தரும் இல்லை.”

“பிறகென்ன?”

“அதுதான் கரைச்சல். ஆராவது கட்டளை போட்டிருந்தா எதிர்த்து நிண்டிருப்பன். அப்பிடித்தானே நீங்கள் எங்களைப் பழக்கினது. இது நானே சொன்னது. ஆரை எதிர்க்கிறது?”

எங்கள் வகுப்பில் இதற்கு ஒரு பாடம் இருந்தது. ஒழுக்கம் வானத்தில் இருந்து விழுவதில்லை. ஆளுகிறவன் தனக்கு வசதியானதை ஒழுக்கம் என்று எழுதிவைக்கிறான். உழைக்கிறவன் தன் நலத்தைப் பார்த்துத் தன் ஒழுக்கத்தை எழுத வேண்டும். கைதட்டு விழுகிற மாதிரிச் சொல்லுவேன். அதை இந்த வாடிக்குள் எங்கே பொருத்துவது என்று தேடினேன்.

“எடுத்தவன் ஏழையோ?” என்று கேட்டேன்.

“ஏழைதான். அவன்ர வலையை இந்தியன் றோலர் போட் அறுத்துக்கொண்டு போயிட்டுது. நௌபரும் ஏழைதான். ஏழையிட்ட ஏழை எடுத்தா உங்கட பிரசுரத்தில என்னண்டு கிடக்கு?”

முதலாளி எடுப்பதைப் பற்றித்தான் நாங்கள் எழுதியிருந்தோம்.

நிறஞ்சலா தேத்தண்ணி கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

“அண்ணை, மாத்த வந்த நீங்கள் மாறிப் போவியள் போலக் கிடக்கு.”

“இல்லைப் பிள்ளை. கேட்டுக்கொண்டிருக்கிறன்.”

அவள் வாடியின் கப்புத் தடியில் சாய்ந்து நின்றாள். “இவர் எடுக்கமாட்டார் எண்டு எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். ஆனா சாமிக்குப் பயமில்லாத மனிசன் எடுக்கமாட்டாரெண்டு உனக்கு எப்பிடித் தெரியும் எண்டு அம்புறோசின்ர மனிசி கேட்டவ. வாய் அடைச்சு நிண்டிட்டன். நான் தினம் சாமிக்குப் பயந்துதான் நடக்கிறன். இவர் என்னத்துக்குப் பயந்து நடக்கிறாரெண்டு இத்தினை வருஷமா நான் கேட்டதேயில்லை.”

“உனக்குப் பயந்துதான்,” என்றார் வலன்ரைன்.

“அப்ப எனக்காகக் கை வையுங்கோ.”

அவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. சுவாமியிடம் நான் முதலே கதைத்திருந்தேன். அவரும் குழம்பித்தான் இருந்தார். ‘சத்தியமே பண்ணாதேயுங்கோ’ என்று வேதத்தில் இருக்கிறது என்றார். ஆனால் குருசடிச் சத்தியத்தால்தான் இந்தத் துறையில் வெட்டுக்குத்து இல்லாமல் இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு, அடுத்த ஊரில் பூசை இருக்கிறது என்று மோட்டார்சைக்கிளில் போய்விட்டார்.

கண்ணாடிக் கூட்டைத் திறந்தார்கள். அம்புறோஸ் முதலில் சுரூபத்தின் காலில் கை வைத்து, “நான் எடுக்கேல்லை, எடுத்திருந்தா அந்தோனியார் என்னைக் கேக்கட்டும்,” என்றார். பிறகு ஒவ்வொருவராக. சிலர் சத்தமாக, சிலர் வாய்க்குள். நௌபர் வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். வலன்ரைன் குருசடிக்கு முன்னால் மணலில் நின்றார். குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கத்தில் குனிந்து நிற்கிறார் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

வரிசை முடிந்தது. எல்லோரும் கை வைத்துவிட்டார்கள். ஒருவர்கூடத் தடுமாறவில்லை.

“வலன்ரைன் அண்ணை, வாங்கோ,” என்றார் அம்புறோஸ்.

“நான் எடுக்கேல்லை.”

“உள்ளுக்க வந்து சொல்லுங்கோ.”

“இஞ்ச நிண்டு சொன்னாக் காது கேக்காதோ?”

“எங்களுக்குக் கேட்டாப் போதாது.”

“அப்ப கமெராவுக்கு முன்னால நிண்டு சொல்லச் சொல்லு,” என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். கொஞ்சப் பேர் சிரித்தார்கள்.

அம்புறோஸ் வெளியே இறங்கி வந்தார். “அண்ணை, ஒரு விரல் வையுங்கோ. அது போதும். ஒரு விரல்.”

“நான் வைச்சா நீ நம்புவியோ?”

அம்புறோஸ் நேர்மையான மனிதன். ஓம் என்று சொல்ல வாய் திறந்தவர் நின்றுவிட்டார். “உங்களுக்குத்தான் அவரில நம்பிக்கை இல்லையே,” என்றார் மெதுவாக. “வைச்சாலும்...”

அதோடு எல்லாம் குழம்பியது. நம்பிக்கை இல்லாதவன் கை வைத்தால் செல்லுமா என்று ஒருவர் கேட்டார். செல்லாது என்றார் இன்னொருவர். செல்லாதென்றால் ஏன் அவரைக் கூப்பிட்டீர்கள் என்றார் மூன்றாமவர். அப்படியென்றால் அவர் எதில் கை வைத்தால் செல்லும் என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. தாயின் கல்லறையில் என்றார்கள். கடல் தண்ணியில் என்றார்கள். “மிசினில வைக்கச் சொல்லு,” என்றான் ஒருவன். “அந்த மிசினிலயோ? அது அவரைவிடப் பொய் சொல்லும்,” என்றான் மற்றவன். வலன்ரைனும் சிரித்தார். ஆனால் முடிவெடுத்தது முடிவெடுத்ததுதான். கை வைக்காதவர் துறையை விட வேண்டும். அடுத்த நாள் விடிய என்று சொன்னார்கள்.

இதை நான் பழைய காலத்தில் எழுதியிருந்தால் செத்த கமெராவோடு முடித்திருப்பேன். மேலே பார்க்க ஆளில்லை, ஆனாலும் பயந்து நடக்கிறீர்கள் என்று பெரிய எழுத்தில் போட்டு, ஊருக்கு நூறு பிரதி விட்டிருப்பேன். அது இப்போதும் எழுதலாம். ஆனால் கமெராவுக்கும் பயமில்லாமல், அந்தோனியாருக்கும் பயமில்லாமல், சட்டத்துக்கும் பயமில்லாமல் ஒருவர் வெளியே மணலில் நிற்கிறார். விட்டால் எங்கேயும் போகலாம். போகவில்லை. அவரை எது பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதைப் பிரசுரத்தில் எந்த இடத்தில் போடுவது? அவர் பிழை என்று சொல்லவும் என்னால் முடியவில்லை. சரி என்று சொல்ல என்னிடம் அளவுகோல் இல்லை. அளவுகோல்களை உடைத்துப் போடச் சொல்லித்தான் நான் ஊர் ஊராகத் திரிந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு நௌபர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான்.

“வலன்ரைன் அண்ணே, எங்கட ஊர்த் துறைக்குப் போட்டக் கொண்டுவாங்க. நான் எங்கட ஆக்களோட கதைச்சிட்டன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நாங்க எல்லாரும் போனா, கரையில போட்டையும் வலையையும் பாக்க ஆளில்ல. நீங்க நில்லுங்க.”

வலன்ரைன் அவனை நிமிர்ந்து பார்த்தார். “நான் எடுத்தனான் எண்டு நீ நினைக்கேல்லையோ?”

“நினைச்சன். இப்பவும் சாடையா நினைக்கிறன்.”

“பிறகு வலையைப் பாக்கச் சொல்லுறாய்?”

“என்னெண்டா, அந்தோனியாரை நம்பி நான் ரெண்டு தரம் மெழுகுதிரிக்கு வந்தன், வலை வரல்ல. எடுத்தவன் உங்கள நம்பி வந்திருக்கிறான், வலை வந்திட்டுது. நீங்க எடுக்கல்லயெண்டா, கள்ளனே நம்பின ஆளு நீங்க. நான் நம்பினா என்ன?”

“நான் எடுத்திருந்தா?”

“எடுத்திருந்தா, திருப்பித் தந்திட்டீங்க. அதுவும் பறவாயில்ல.” சைக்கிளைத் திருப்பினான். “மௌலவியிட்ட இதைக் கேக்க ஏலாது. எனக்கே சரியா விளங்கல்ல. நீங்க வாங்க.”

நான் அன்று வலன்ரைன் வீட்டிலேயே தங்கினேன். நிறஞ்சலா சோறு போட்டாள்.

விடிய நானும் அவரோடு துறைக்குப் போனேன். போட் மணலில் ஏற்றிக் கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் தள்ளினால் அசையாது. எப்படி இறக்குவது என்று நான் கேட்பதற்குள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அம்புறோஸ் வந்தார். கமெரா என்று பகிடி விட்டவன் வந்தான். முதல் நாள் வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் வந்துவிட்டார்கள். போட் தள்ளுகிற மனிதனைத் தனியே விட்டு நிற்கிற பழக்கம் அந்தத் துறையில் இல்லை; அவனைத் துறையை விட்டு அனுப்பியவர்கள் தாங்களே என்றாலும். இரண்டு பக்கமும் தோள் கொடுத்துக் குரல் வைத்துத் தள்ளினார்கள்.

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாராக இருக்கும் என்று பார்த்தேன். எல்லா முகமும் ஒரே மாதிரி வியர்த்திருந்தது.

வலன்ரைனைப் பார்த்தேன். அவர் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. போட்டின் அடியையும் மணலையும் மட்டும் பார்த்துக்கொண்டு தள்ளினார். யாரோ ‘பாத்து அண்ணை’ என்று சொன்னபோதுகூடத் தலையைத் தூக்கவில்லை. நேற்றுக் குருசடி வாசலிலும் இப்படித்தான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது வெட்கம் இல்லை. கண் ஒருவன் மீது ஒரு கணம் கூடுதலாக நின்றுவிட்டால் ஊர் பிடித்துவிடும். வாயை மூடினது போதாது என்று கண்ணையும் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

போட் தண்ணியில் இறங்கியது. நான் முழங்கால் தண்ணியில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் கரைக்கு ஏறினார்கள். நிறஞ்சலா சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து போட்டுக்குள் வைத்தாள். “பெரிய அரிச்சந்திரன்,” என்று அவருக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, கரையில் போய்ச் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

வலன்ரைன் மிசினை இறக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார். “தோழர், ஒண்டு கேக்கிறன். அவனும் நேற்றுக் கை வைச்சவன்.”

எவன் என்று நான் கேட்கவில்லை.

“அந்தோனியாருக்கு முன்னால நிண்டு பொய் சொன்னவன். என்னைப் போகச் சொல்லேக்கயும் பேசாமல் நிண்டவன். இப்ப நான் அவனுக்குக் குடுத்த சொல்லு நிக்குதோ, இல்லையோ?”

“சொல்லேக்க ஏதும் நிபந்தனை வைச்சனியோ?”

“இல்லை. சொல்லமாட்டன் எண்டு மட்டும்தான் சொன்னனான்.”

நான் கரையைப் பார்த்தேன். அவன் அங்கேதான் எங்கேயோ நிற்கிறான். இவருக்குத் தோள் கொடுத்த களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறான். அவனுக்குத் தன் அந்தோனியார் மீது பயம் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் எப்படிக் கை வைத்தான்? இல்லாவிட்டால் ஏன் வலையைத் திருப்பினான்?

“எனக்குத் தெரியாது வலன்ரைன்,” என்றேன்.

“எத்தினை கூட்டத்தில கதைச்சனீங்கள்.”

“இது அதில வரேல்லை.”

அவர் மிசினைத் தடவினார். நடந்ததை எழுதலாமா என்று கேட்டேன். அவன்ர பேர் இல்லைத்தானே, எழுதுங்கோ என்றார். எனக்கே தெரியாத பேரை எப்படிப் போடுவது என்றேன்.

“அப்ப, தெரியிற வரைக்கும் வைச்சிருப்பம்,” என்றார். அவனுக்குக் கொடுத்த சொல்லைப் பற்றித்தான் சொன்னார்.

கயிற்றை இழுத்தார். மிசின் பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். கரையில் நின்றவர்கள், அம்புறோசும் அவனும் எல்லோரும், அது பிடிக்கும்வரைக்கும் போகாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.